பதினேழாம் தொகுதி, 112–115

ஒன்பதாவது ரெபரன்ஸுக்கு வந்ததும் விஜியின் விரல்கள் விசைப்பலகையின் மேலேயே நின்றுவிட்டன.

அதுவரை வேலை சிக்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெரியகுளம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடை மாடியில் அமானுல்லாவின் டி.டி.பி. சென்டர். பத்து வருடமாக அவள் அங்கே செய்கிற வேலைதான் இது. ஆராய்ச்சி மாணவர்கள் கொண்டுவரும் கட்டுரைகளை அடிப்பாள். கடைசியில் வரும் ரெபரன்ஸ் பட்டியலை, ஆதாரமாகக் காட்டிய கட்டுரைகளின் வரிசையை, அந்தந்த ஆய்விதழ் கேட்கிற முறைக்கு மாற்றித் தருவாள். ஒரு இதழுக்கு ஆண்டு பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் வரவேண்டும். இன்னொன்றுக்குக் கடைசியில் வரவேண்டும். தொகுதி எண் சிலருக்குத் தடித்த எழுத்தில், சிலருக்குச் சாதாரணமாக. இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். "எங்க விஜி கமா வச்சா அதுக்கப்புறம் டெல்லியில ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்" என்று அமானுல்லா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அந்தக் கட்டுரைகளில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. ஆனால் பட்டியலில் வரும் பெயர்களோடு அவளுக்கு ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. 1962-இல், பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரில், கம்பளிக் கோட்டு போட்ட ஒருவர் திராட்சை இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாற்பதாம் பக்கத்திலிருந்து ஐம்பத்தெட்டாம் பக்கம் வரை பேசுவார், பிறகு மௌனமாகிவிடுவார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கதவு இருப்பதாக அவள் நினைத்துக்கொள்வாள். பக்க எண்தான் கதவிலக்கம். யாராவது தேடிப்போய்த் தட்டினால் உள்ளே இருப்பவர் எழுந்துவந்து திறப்பார்.

"என்ன விஜி, நின்னுட்டீக?" என்றார் பக்கத்து நாற்காலியிலிருந்த முஜிபுர் ரஹ்மான்.

உத்தமபாளையத்துக்காரர். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையில் வரும் அடிச்சாம்பல் நோயைப் பற்றி ஆறு வருடமாகத் தோட்டம் தோட்டமாக அலைந்து எழுதிய கட்டுரை அவருடையது. கவாத்து வெட்டும் நாளைப் பதினைந்து நாள் தள்ளிவைத்தால் நோய் பாதிக்குமேல் குறைகிறது என்று அதில் நிரூபித்திருந்தார்.

"ஒண்ணுமில்ல சார். கண்ணு கொஞ்சம் மங்குது."

"அந்த ஒம்பதாவது மட்டும் பாத்துப் போடுங்க. அதுலதான் எனக்குக் கண்டம்." ஆய்விதழிலிருந்து வந்த கடிதத்தை எடுத்து விரித்தார். "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாக. பட்டியல நம்பர் முறைக்கு மாத்தச் சொல்லியிருக்காக. ஆனா ஒம்பதாவது கட்டுரைய அவுக யாருமே பாத்ததில்லையாம். இம்புட்டுப் பெரிய முடிவு அது மேலதான நிக்குது, அதனால அதோட ஜெராக்ஸ் வேணும்னு கேக்குறாக. மே இருபத்தஞ்சுக்குள்ள."

"எதுக்கு சார் அது மேல நிக்குது?"

"எம்பத்தொண்ணுல இங்கன நோய் எவ்வளவு இருந்துச்சுன்னு சொல்ற ஒரே கணக்கு அதுதான். நூத்துக்கு முப்பத்தினாலு. அது இருந்தாத்தான் நான் கொறச்சேன்னு சொல்ல முடியும். இல்லேன்னா எதுலருந்து கொறச்சேன்னு கேப்பான்."

உள்ளறையிலிருந்து அமானுல்லா எட்டிப் பார்த்தார். "சாருக்கு எப்பக் கல்யாணம், எப்ப வேல? உங்க அத்தா போன வெள்ளிக்கிழமை இங்கன தொழுகைக்கு வந்தவரு, பெத்த புள்ளைய நெனச்சு எங்கிட்டப் பொலம்புறாரு."

"பாய், ஜூன் முப்பதோட காலேஜுல என் தற்காலிக வேல முடியுது. ஜூலையில உதவிப் பேராசிரியர் இன்டர்வியூ. கட்டுரை ஏத்துக்கிட்ட கடுதாசி கையில இருந்தாத்தான் உள்ள விடுவாக. அடுத்த இன்டர்வியூ வர்றதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிரும்." முஜிப் சிரிக்கப் பார்த்தார். "அதனால, ஒம்பதாவது கெடச்சா ரெண்டும் நடக்கும். இல்லேன்னா ரெண்டும் இல்ல."

விஜி திரையைப் பார்த்தாள். ஞானசிகாமணி, 1981. தலைப்பு. இதழின் பெயர் சாய்வெழுத்தில். பிறகு 17: 112–115.

அந்த எண்களை அவளுக்குத் தெரியும். அவை அவளுடையவை.

1998. முஜிப் எம்.எஸ்சி. ஆய்வேட்டை இங்கேதான் அடிக்கக் கொடுத்திருந்தார். கையால் எழுதிய அறுபது ரெபரன்ஸ். அதில் ஞானசிகாமணியின் பெயருக்குப் பின்னால் 1981 என்ற ஆண்டும் இதழின் பெயரும் இருந்தன. அதற்கப்புறம் "அச்சில்" என்று ஒரே ஒரு சொல், தொகுதியும் பக்கமும் இல்லாமல். நூலகத்தில் இருந்த ஏதோ பழைய ஆய்வேட்டிலிருந்து இதையும் அந்த முப்பத்தினாலு கணக்கையும் அப்படியே எடுத்து எழுதியிருந்தார். மறுநாள் காலை பைண்டிங்குக்குப் போகவேண்டும். அவர் ஊரில் இல்லை. கடையின் வழக்கம் ஒன்று உண்டு. பட்டியலில் ஓட்டை விடக்கூடாது. ஓட்டை இருந்தால் தேர்வாளர் கேட்பார், மாணவன் திரும்பிவந்து கத்துவான், முழுக்க மறுபடி அடிக்கவேண்டி வரும். "பதினேழு வருசமா ஒரு கட்டுரை அச்சுலயே கெடக்குமாக்கும்? எப்பவோ வந்திருக்கும். பாத்துப் போட்டு விடு ஆத்தா" என்றார் அமானுல்லா.

பார்த்துப் போட்டாள். அதே பட்டியலில் அதே இதழின் 1978-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று இருந்தது, தொகுதி பதினான்கு. அப்படியானால் 1981-க்குப் பதினேழு. சின்னக் கட்டுரைகள் பெரும்பாலும் நாலு பக்கம்தான் வரும் என்பதும் அவளுக்குப் பழக்கத்தில் தெரியும். நூற்றுப்பன்னிரண்டு என்பது கண்ணுக்கு உறுத்தாத எண்ணாக இருந்தது. அடித்து முடித்ததும், வரி மற்ற வரிகளோடு ஒட்டி அழகாக உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து அன்றைக்கு அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. முஜிப் வந்தார், புரட்டினார், கையெழுத்துப் போட்டார், போனார்.

"சார்" என்றாள்.

"சொல்லுங்க."

"தொகுதி எண்ண போல்டுல போடணுமா?"

"போல்டுலதான்."

தடித்த எழுத்தாக்கினாள். எண் இன்னும் உண்மையானதுபோலத் தெரிந்தது.

*

முஜிப் மறுநாளே கோயம்புத்தூர் பஸ் ஏறினார். அங்கே ஒரு பெரிய நூலகத்தில் அந்த இதழ் முதல் தொகுதியிலிருந்து இருக்கிறதாம். விஜி இரண்டு நாளும் கடையில் எதையோ அடித்தாள். என்ன அடித்தாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் அவர் வந்து நாற்காலியில் விழுந்தார். சட்டைக் காலர் கறுத்திருந்தது.

"வால்யூம் பதினேழு இருக்கு விஜி. எம்பத்தொண்ணுதான், ஆண்டு சரி. நூத்திப்பன்னெண்டாம் பக்கத்தத் தொறந்தா கொப்பரத் தேங்காயக் காய வைக்கிறதப் பத்தி எவனோ எழுதியிருக்கான். பாதி வாக்கியத்துல ஆரம்பிக்குது பக்கம். முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல. பதினாறு பாத்தேன், பதினெட்டு பாத்தேன், பொருளடக்கம் பூராவும் விரல் வச்சுப் பாத்தேன். ஞானசிகாமணின்னு ஒரு ஆளே இல்ல."

"அப்ப..." என்றாள் விஜி.

"ஆனா எப்படி இல்லாமப் போகும்? 2001-ல ஒருத்தர் இத மேற்கோள் காட்டியிருக்காரு. போன வருசம் இன்னொருத்தர். ரெண்டு பேரும் அதே பதினேழு, அதே நூத்திப்பன்னெண்டு. நான் ஒருத்தன் தப்பா எழுதலாம். மூணு பேரு சேந்து ஒரே தப்ப எப்படி எழுதுவோம், சொல்லுங்க?"

அவளால் சொல்லியிருக்க முடியும். அந்த இரண்டு பேரின் பட்டியலையும் அவளேதான் அடித்தாள். இரண்டு பேரும் முஜிப்பின் ஆய்வேட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். வாயைத் திறந்தாள். அதற்குள் முஜிப்பே எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தெம்பான குரலில் பேசினார்.

"எடிட்டருக்குப் போன் பண்ணினேன். நல்ல மனுசன். கட்டுரை கெடைக்கலேன்னாலும் பரவாயில்ல, அந்த ஆளோட மூலக் குறிப்பு நோட்டு இருந்தா, அதோட பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து, அவரு கையெழுத்தோட அனுப்புங்க, வெளிவராத பதிவுன்னு போட்டுக்கலாம்னாரு. ஞானசிகாமணி உசுரோடதான் இருக்காராம் விஜி. தேவாரத்துல. ரிட்டையர்டு ஆன வேளாண் அலுவலர். திங்கக்கெழம போயிப் பாக்கப் போறேன்."

அவர் படியிறங்கிப் போனபின் விஜி உள்ளறைக்குப் போய் அமானுல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நீ எதுக்கு இப்ப மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க? ஒலகத்துல பாதிப் பட்டியல் இப்படித்தான் ஆத்தா ஓடுது. எவன் போயிப் பாக்கப் போறான்?"

"இவரு போயிப் பாத்துட்டாரே பாய்."

அவர் வெகுநேரம் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை விஜி தேவாரத்துக்குப் போனாள். முஜிப்புக்கு முன்னால் தான் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளிடம் வேறு யோசனை இல்லை. நோட்டு மட்டும் இருந்துவிட்டால் போதும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் முஜிப்பிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். அவர் திட்டலாம், முகத்தில் விழிக்காமல்கூடப் போகலாம். ஆனால் ஜூலையில் அவர் இன்டர்வியூவுக்குப் போவார். போடியில் பஸ் மாறும்போது இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். நினைக்க நினைக்க அது நடந்து முடிந்துவிட்ட காரியம்போலவே ஆகிவிட்டது. சன்னலுக்கு வெளியே மலை கூடவே வந்தது.

விசாரித்துப் போன வீட்டு வாசலில் ஒரு பெண் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஞானசிகாமணியின் மருமகள், முருகம்மாள்.

"மாமாவயா பாக்க வந்தீக? என்ன விசயமா?"

"பெரியகுளத்துல டைப் அடிக்கிற கடையிலருந்து வர்றேன். அவுக எழுதின திராட்சைக் கட்டுரை விசயமா."

"போச்சு" என்றாள் முருகம்மாள், உள்ளே திரும்பி. "மாமா! உங்க பேப்பரக் கேட்டு டைப் அடிக்கிற கடையிலருந்து ஆளு வந்திருக்காக. இன்னிக்குச் சோறு எறங்குன மாதிரிதான்."

வெள்ளைப் பனியனில் ஒரு ஒல்லி மனிதர் வேகமாக வந்தார். எழுபது வயது இருக்கும். அவளை உட்காரச் சொன்னார், உடனே எழுந்து மின்விசிறியைப் போட்டார், காபிக்குக் குரல் கொடுத்தார், என்ன சொல்ல வந்தாள் என்று கேட்காமலேயே அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய ஜெராக்ஸ் தாள். ஒரு ரெபரன்ஸ் பட்டியலின் பக்கம். நடுவில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

"இதானத்தா? படி."

அவள் படித்தாள். எழுத்துரு, இடைவெளி, ஆண்டுக்குப் பின்னால் புள்ளி. 2001-இல் அவள் அடித்த பக்கம்.

"வால்யூம் பதினேழு, நூத்திப்பன்னெண்டுலருந்து நூத்திப்பதினஞ்சு" என்றார் அவர், பார்க்காமலேயே. "நாலு வருசம் அறுபது தோட்டம் நடந்தேன். ஒரு கொடி விடாம எலய எண்ணினேன். எழுதி அனுப்பினேன். வந்து சேந்துச்சு, பரிசீலிக்கிறோம்னு ஒரு கார்டு வந்துச்சு. அதோட சரி. நானும் ஆபீஸ்ல எல்லார்ட்டயும் அச்சுல இருக்கு, அச்சுல இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தேனா, எனக்கு அச்சுன்னே பேரு வச்சுட்டானுக. வாங்க அச்சு சார், டீ சாப்பிடுங்க அச்சு சார். ரிட்டையர்டு ஆகுற அன்னிக்கு மாலை போடுறப்பவும் அதே பேச்சு."

"நீங்க போயி அந்தப் புத்தகத்தப் பாக்கலையா அய்யா?"

"கோயம்புத்தூரு எம்புட்டுத் தூரம்? எத்தனையோ தடவ போயிருக்கேன். அந்தக் கட்டடத்துக்கு வெளிய நின்னிருக்கேன். உள்ள போகலத்தா. இல்லேன்னு கண்ணால பாத்துட்டா அப்புறம் என்ன பண்றது? இப்படியே கெடக்கட்டும்னு வந்துருவேன். அப்புறம் ஒரு நாள் என் மக வயித்துப் பேரனோட வாத்தியாரு இதக் கொண்டாந்து குடுக்குறாரு. அச்சாயிருக்கு! பக்க நம்பரோட! எம்பத்தொண்ணுலயே வந்திருக்கு, எனக்குத்தான் தெரியல. அச்சு சார்னு கேலி பண்ணின ஆளுக எல்லாத்துக்கும் காப்பி போட்டு அனுப்பிவிட்டேன்."

விஜி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அய்யா, அந்த நோட்டுக இருக்கா? எல எண்ணி எழுதினது?"

"அதுவா." அவர் சிரித்தார். "ஒரு டிரங்குப் பெட்டி நெறைய இருந்துச்சு. இருவது வருசமா யாரையும் தொட விடல. இவ வந்த நாள்லருந்து பெட்டியத் தூக்கு, கரையான் வருதுன்னு சத்தம்."

"சத்தம் போட்டா மட்டும் கேட்டாகளாக்கும்" என்றாள் முருகம்மாள் வாசலிலிருந்து.

"எப்படி விடுறது? அச்சாகாத வரைக்கும் அது ஒண்ணுதான ஆதாரம்? அச்சாயிருச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு நானே சொன்னேன், எடுத்துக்க ஆத்தான்னு. இனிமே எதுக்கு? புஸ்தகத்துல இருக்கே."

"ஒரு மாசம் அதுலதான் வெந்நி போட்டோம்" என்றாள் முருகம்மாள். "நல்லா எரிஞ்சுச்சு. பழைய காயிதமாச்சே."

தான் 1998-இல் ஒரு நொடியில் யோசித்து அடித்த எண்கள், மூன்று வருடம் கழித்து மலையடிவாரத்து ஒரு வீட்டுக்குள் நுழைந்து, நாலு வருட உழைப்பை ஒவ்வொரு நோட்டாக அடுப்பில் வைத்ததை விஜி கண்ணெதிரே பார்த்தாள். இல்லாத கதவுக்கு இலக்கம் எழுதியிருந்தாள். இந்த மனிதர் வீட்டைக் காலிசெய்துவிட்டு அதற்குள் குடிபோய்விட்டார்.

கிளம்பும்போது அவர் தெருமுனை வரை கூடவே வந்தார்.

"ஒரு உதவி செய்யணும்த்தா. நீ டைப் அடிக்கிற எடத்துல காலேஜு ஆளுகல்லாம் வருவாகள்ல? அந்த நாலு பக்கத்த யாரையாச்சும் விட்டு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லு. இப்பப் பயமில்ல எனக்கு. ஆனா பஸ்ல போற ஒடம்பில்ல. என் எழுத்து அச்சுல எப்படி இருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

"பாக்குறேன் அய்யா" என்றாள். பஸ் போடி வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தாள். பக்கத்திலிருந்த கிழவி, செத்தது யாரு என்று கேட்டாள்.

*

திங்கட்கிழமை காலை, தேவாரம் புறப்படும் வழியில் முஜிப் கடைக்கு வந்தார். கையில் புது மைத்தட்டு, பெரியவரிடம் கையெழுத்தோடு கைரேகையும் வாங்கிக்கொள்ளலாம் என்று. விஜி அவரை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள். "அச்சில்" என்று அவர் எழுதியிருந்தது, பதினான்கோடு மூன்றைக் கூட்டியது, நாலு பக்கம், டிரங்குப் பெட்டி, வெந்நீர் அடுப்பு. எதையும் விடவில்லை.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்காகத் தன்னைத் தயார்செய்தும் வைத்திருந்தாள்.

"கூட்டல் கணக்குச் சரிதான்" என்றார் அவர் கடைசியில். "அந்த வருசத்துக்குப் பதினேழாவது வால்யூம்தான். அதனாலதான் நானும் நம்பினேன். நீங்க தப்பாப் போட்டிருந்தா அன்னிக்கே கண்ணுல பட்டிருக்கும்."

அமானுல்லா உள்ளேயிருந்து வந்தார். "சார், ஒரு ஒம்பதாவதத் தூக்கிட்டா என்ன? மிச்சம் நாப்பது இருக்குல்ல?"

"அஸ்திவாரத்தத் தூக்கிட்டா மிச்சம் ஓடு இருக்கும் பாய்" என்றார் முஜிப். பிறகு விஜியிடம் திரும்பினார். "அந்த நாப்பதுல வேற எதுவும் இருக்கா?"

அவள் பட்டியலைத் திரையில் திறந்தாள். முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். கம்பளிக் கோட்டுக்காரர் இருந்தார், அவருக்குப் பக்கத்தில் ஹாலந்துக்காரர், அப்புறம் பெங்களூர்க்காரர் ஒருவர். எல்லா வரியும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே மாதிரி உள்தள்ளி, ஒரே புள்ளியில் முடிந்தன. எது அவர்கள் எழுதியது, எது பத்து வருடத்தில் என்றைக்கோ ஒரு நாள் சாயங்காலம் தான் ஓட்டையடைத்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"தெரியல சார்" என்றாள். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

அவர் தலையாட்டினார். மைத்தட்டை மேசை மேல் வைத்தார், பிறகு நினைத்துக்கொண்டு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கட்டுரையத் திரும்ப எடுத்துக்குறேன்னு எடிட்டருக்கு எழுதணும்."

"நான் அடிச்சுத் தர்றேன் சார். இப்பவே."

"வேணாம். கையில எழுதிக்கிறேன்." குரலில் வன்மம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பெரியவருகிட்ட யாரும் போயி எதுவும் சொல்ல வேணாம். நானும் போகல."

"அவுக அந்த நாலு பக்கம் கேட்டாக சார்."

முஜிப் படியில் நின்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

விஜி சன்னலுக்கு வந்தாள். எதிரே பேருந்து நிலையத்தில், உத்தமபாளையம் வழியாகப் போகும் கம்பம் வண்டி நிற்கிற இடத்தில் அவர் போய் நின்றார். வண்டி வந்தது, ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள், கிளம்பிப் போனது. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அடுத்த வண்டியும் வந்தது. நடத்துநர் அவரைப் பார்த்து ஏதோ கேட்டார், பிறகு விசிலடித்தார். அவர் ஏறவில்லை. ஊருக்குப் போனால் அத்தா வாசலிலேயே கேட்பார்.

உள்ளேயிருந்து அமானுல்லா கூப்பிட்டார். ஆண்டிபட்டியிலிருந்து ஒரு பெண் ஆய்வேடு கொண்டுவந்திருக்கிறாள், வியாழக்கிழமைக்குள் வேண்டுமாம். விஜி போய் அதை வாங்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது மூன்றாவது வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்தில் வேறு யார் யாரோ நின்றார்கள். அவர் ஏறிவிட்டாரா, நடந்தே எங்காவது போய்விட்டாரா என்று மாடியிலிருந்து தெரியவில்லை.